கறைக் கொப்பி

நான் இதைப் பிழையாகத்தான் சொல்லப் போகிறேன், பிள்ளை. முன்னதைப் பின்னால் சொல்லுவேன், பின்னதை முன்னால் சொல்லுவேன். திகதி ஒன்றும் சரியாக வராது. முந்தி என்றால் திகதி, கிழமை, என்ன கறை, எத்தனை தரம் ஊறப்போட்டது, எல்லாம் கொப்பியில் இருந்தது. பார்த்துச் சொல்லியிருப்பேன். இப்போது என் வாயை நம்பித்தான் சொல்ல வேண்டும். என் வாயை நானே நம்புவதில்லை.

பக்கத்தில் வந்து இருந்ததைக் குறை நினைக்காதீர்கள். பெட்டி முழுக்க இடம் இருக்கிறது, இந்த மனிசி ஏன் என் பக்கத்தில் வந்து இருக்கிறாள் என்று யோசித்திருப்பீர்கள். நீங்கள் போனில் "அம்மா, நான் ரெயின் ஏறிட்டன்" என்று சொன்னது கேட்டது. இந்தப் பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்பது அருமை. என்னுடைய மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவாள். கத்திச் சத்தத்தோடுதான் நான் கதைப்பது. என் மனிசன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

நீங்கள் மியூனிக்கில் இறங்கி எங்கே போகிறீர்கள்? பாரிஸுக்கா? நல்லது. தூரம். எங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாதுதானே? கல்யாண வீட்டுக்கு மட்டும் வந்து போகிறீர்கள். அப்ப சரி. ஊரின் பெயரை நான் சொல்லவில்லை. செக் நாட்டு எல்லைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சலவை செய்கிறவள். ஐஸ் ஹொக்கி விளையாடுகிற ஒரு கிளப்பில். வீட்டு உடுப்பு மாதிரி இல்லை அது. இருபத்திரண்டு பெரிய ஆம்பிளைகள். வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம். ஒவ்வொருவனுக்கும் ஒரு வலைப்பை. பையை மூட ஒரு பெரிய ஊசி, ஊசியில் அவனுடைய இலக்கம். உள்பெனியன், நீளக் காற்சட்டை, காலுறை எல்லாவற்றையும் அதற்குள் திணித்து ஊசியைக் குத்திவிட்டுப் போவான்கள். சனிக்கிழமை காலையும் திங்கட்கிழமை காலையும் நான் போய்ப் பிரிப்பேன். இரத்தம் என்றால் குளிர் தண்ணி. சுடுதண்ணி பட்டால் இரத்தம் துணியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஆண்டவன் வந்தாலும் போகாது. பதினாறு வருஷமாக இதுதான் வேலை.

உடுப்பைப் பார்த்தால் ஆளைத் தெரியும். யாருக்கு விலா நோகிறது, யார் மனிசியோடு சண்டை பிடித்துவிட்டுத் தனிய இருக்கிறான், யார் புகைக்கிறான், எல்லாம் தெரியும். நான் கேட்பதில்லை. கேட்டால் பிரச்சினை.

எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, கதைக்க வரும். கடைக்கு, டொக்டருக்கு, வேலைக்குக் காணும். எழுத வராது. ஊரில் எட்டாம் வகுப்போடு நிற்பாட்டிவிட்டார்கள். அது வேறு கதை. தமிழ் எழுத வரும். முதல் வருஷம் ட்ரெஸ்லர் சொன்னார், "எந்த உடுப்பில என்ன கறை, என்ன போட்டு எடுத்தனீங்கள் எண்டு ஞாபகம் வைச்சிருங்கோ" என்று. ட்ரெஸ்லர்தான் உடுப்பு, மட்டை, சப்பாத்து எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள். ஐஸில் ஓடுகிற சப்பாத்துக்குக் கூர் தீட்டுகிறவரும் அவர்தான். ஞாபகம் வைத்திருக்க எனக்குத் தலையில் எங்கே இடம்? ஒரு கொப்பி வாங்கினேன். நீல மட்டை. முடிய இன்னொன்று. கடைசிக் கொப்பிதான் இந்தக் கதைக்கு உரியது.

என் பெயர் யோகமலர். மலர் அவர்களுடைய வாயில் நுழையாது. திருமதிக்கு அவர்கள் சொல்லுகிறது ஃப்ராவ், அதனால் ஃப்ராவ் யோகா என்பார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவனும் ஒரு தரமாவது வாசலில் ஒற்றைக் காலில் நின்று, கையைத் தலைக்கு மேல் கூப்பி, "இப்பிடியோ, ஃப்ராவ் யோகா?" என்று கேட்பான். பதினாறு வருஷமாக ஒரே பகிடி. நானும் பதினாறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்காத ஒரே ஒருவன் கோர்பினியான். அந்தப் பக்கத்துப் புனிதர் ஒருவருடைய பெயராம். எல்லோரும் கோர்பி என்பார்கள். இலக்கம் இருபத்தேழு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவனுக்குப் பதினெட்டு. அவனுக்கும் முதல் வருஷம், எனக்கும் முதல் வருஷம். அவனுடைய பையைத் திறந்தால் சவுக்கார மணம் வரும். கிளப்பில் தோய்த்துத் தருவார்கள் என்று தெரியாமல், தாயைக் கொண்டு தோய்ப்பித்து, காய்ந்த உடுப்பைக் கொண்டுவந்து பைக்குள் போட்டுவிட்டிருந்தான். நான் அதை என்ன செய்ய? மடித்துத் திருப்பி வைத்தேன். அடுத்த நாள் வந்து, காது சிவந்து, "மன்னியுங்கோ" என்றான். தோய்த்ததற்கு மன்னிப்புக் கேட்ட ஒருவனை நான் வேறு எங்கேயும் காணவில்லை.

இருபது வயதில் அவனை மேல் பிரிவில் விளையாடுகிற கிளப்காரர் கொண்டுபோய்விட்டார்கள். வடக்கே ஒரு பெரிய நகரம். பதினாலாயிரம் பேர் இருந்து பார்க்கிற இடமாம். ஒன்பது வருஷம் அங்கே. ஜெர்மன் நாட்டுச் சட்டையும் இரண்டு முறை போட்டான். இரண்டு முறைதான். பிறகு முழங்கால். பிறகு வருஷத்துக்கு ஒரு ஊர், வருஷத்துக்கு ஒரு பெட்டி கட்டுகிறது. அவன் கோல் அடிக்கிற ஆள் இல்லை, பிள்ளை. பேப்பரில் படம் வருகிற ஆள் இல்லை. அவன் மறிக்கிற ஆள். மற்றவன் ஓடிவந்து முழு உடம்போடும் மோதுவான், இவன் சுவரோடு நின்று வாங்குவான். அதுதான் உத்தியோகம். பதினாறு வருஷம் வாங்கினான்.

போன வருஷம் செப்டெம்பரில் திரும்பி வந்தான். முப்பத்து நாலு வயது. மனிசி மரெய்கே, ஒரு பெண் குழந்தை. கிளப் எழுத்தில் கொடுத்ததாம்: இந்த ஒரு வருஷம் நாற்பது ஆட்டம் விளையாடினால், பிறகு சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிற வேலை, மூன்று வருஷத்துக்கு உறுதி. நாற்பதுக்குக் குறைந்தால் அதுவும் இல்லை. இந்த நாற்பதை மறந்துவிடாதீர்கள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. எத்தனையாம் திகதி என்று கேட்காதீர்கள். சனி காலை இருபத்தேழின் பையைத் திறந்தால் உள்பெனியன் இல்லை. ஒரு துவாய் சுருட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தால் அதற்குள் உள்பெனியன். சத்தி எடுத்திருக்கிறான், வாந்தி. குடிகாரன் எடுக்கிற சத்தி இல்லை அது, எனக்கு வித்தியாசம் தெரியும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, வாசலில் அவன்.

"ஃப்ராவ் யோகா, நீங்கள் ஒண்டும் காணேல்லை."

"கண்டுட்டனே தம்பி," என்றேன். டொச்சில் தம்பி என்று சொல்ல ஏலாது. ஆனால் மனதுக்குள் அப்படித்தான் சொன்னேன்.

"நேற்று ஒரு அடி. தலை சுவரில பட்டது. டொக்டருக்குத் தெரிஞ்சால் நாலு கிழமை இருத்திப் போடுவார். எனக்கு இன்னும் இருபத்தாறு ஆட்டம் இருக்கு. கணக்குக் காணாது."

"டொக்டர் ஒண்டும் கேக்கேல்லையோ?"

சிரித்தான். சீசன் தொடங்க முதல் எல்லோருக்கும் கணினியில் ஒரு சோதனை வைப்பார்களாம். படம் பார்த்து ஞாபகம் வைக்கிறது, நிறம் சொல்லுகிறது. தலையில் அடிபட்டால் அதே சோதனையைத் திரும்ப வைத்து, முந்தினதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். "அதால செப்டெம்பரிலேயே வேணுமெண்டு பிழையாச் செய்து வைச்சனான். இப்ப என்ன செய்தாலும் அதோட ஒத்துத்தான் வரும். பழைய ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

நான் சோதனை என்றால் பயத்தில் சரியாகச் செய்யப் பார்க்கிறவள். வேண்டுமென்று பிழை விடுகிற கெட்டித்தனம் எனக்கு இல்லை. அப்போது இல்லை.

"பத்தாம் வகுப்போட விட்டனான்," என்றான். "எனக்கு வேற என்ன தெரியும், ஃப்ராவ் யோகா?"

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். என்னிடமும் யாராவது கேட்டால் நான் அதைத்தானே சொல்லுவேன்? உள்பெனியனைக் குளிர் தண்ணியில் அலசி, சோடாத் தூள் போட்டு ஊறவைத்தேன். கொப்பியில் எழுதினேன்: இருபத்தேழு, சத்தி, உள்பெனியன், துவாய்.

அதற்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினான். முதல் கிழமை, "அந்த லைற்றை நிற்பாட்டலாமோ?" என்று கேட்டான். மேலே இருக்கிற வெள்ளை லைற் அவனுடைய கண்ணைக் குத்துகிறதாம். நிற்பாட்டினேன். மெசின்களின் சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும். சூடாக இருக்கும் அந்த அறை. மெசின் ஓடுகிற சத்தம் ஒரே மாதிரி இருக்கும், தலைக்கு இதம் என்றான். உடுப்புக் கூடையைக் கவிழ்த்து அதில் இருப்பான். நான் வீட்டிலிருந்து இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுபோவேன். முதல் ஒரு கோப்பை கொண்டுபோனேன். பிறகு இரண்டு.

என்ன கதைத்தோம்? ஒன்றும் இல்லை. வடக்கே அந்தப் பெரிய நகரத்தில் முதல் நாள் ஐஸில் இறங்கும்போது விளக்கு எல்லாவற்றையும் நிற்பாட்டி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்களாம். பதினாலாயிரம் பேர் அவனுடைய பெயரைத் திருப்பிச் சொன்னார்களாம். "என்னை, ஃப்ராவ் யோகா! இறைச்சிக் கடைக்காரன்ர மகனை!" அந்தக் கதையை எனக்கு மூன்று தரம் சொன்னான். மூன்றாம் தரமும் முதல் தரம் மாதிரியே சொன்னான், அதே இடத்தில் சிரித்தான். நான் நிற்பாட்டவில்லை. கதைதானே. எனக்கு ஒருவர் ஒரு கதையை மூன்று தரம் சொல்லி எவ்வளவு காலம்.

ஒரு நாள் கொப்பியைப் பார்த்துவிட்டான். "உது என்ன? கோலம் போடுறீங்களோ?"

"தமிழ். நீ என்ன கறை ஆக்கினாய் எண்டு எழுதியிருக்கு."

"வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். இருபத்தேழு, சத்தி. இருபத்தேழு, மூக்கு இரத்தம். இருபத்தேழு, சத்தி. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இந்த ஊரிலேயே என்னைப் பற்றி உண்மை எழுதுற ஒரே பேப்பர் இதுதான்," என்றான். "நல்ல காலம், வாசிக்க ஒருத்தருக்கும் தெரியாது." தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். அவனுடைய மேற்சட்டைக் கழுத்துக்குள், ஒருவருக்கும் தெரியாத இடத்தில், அழியாத மையால் கோர்பி என்று எழுதிவிட்டேன்.

எனக்குத் தெரியும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சனிக்கிழமை என்றால் சாறிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன், அவ்வளவுதான். வேலைக்கு யார் சாறி கட்டுகிறது.

மார்கழியில் அவன் என்னை வேறு ஒரு பெயரால் கூப்பிட்டான். ஃப்ராவ் லெனா என்றான். லெனா யார் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் வலது காலுக்குக் காலுறையை இழுத்துக்கொண்டு, இது இடது காலினது, அதுதான் சரிவருதில்லை என்று கோபப்பட்டான். காலுறைக்கு இடம் வலம் இல்லை, பிள்ளை. இரண்டும் ஒன்றுதான்.

தையில் ஒரு சனி அவன் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. மரெய்கேயின் தகப்பன் வீட்டுக்குப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தேத்தண்ணி இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன். அந்த இரண்டாம் சனிதான் பையில் மூன்று உடுப்பிலும் சத்தி இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு நேரே ட்ரெஸ்லரிடம் போனேன். அவன் வராத கோபத்தில் போகவில்லை. அவனுடைய நன்மைக்காகத்தான் போனேன்.

"ஹெர் ட்ரெஸ்லர், இதைப் பாருங்கோ. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இப்பிடித்தான்."

ட்ரெஸ்லர் கூர் தீட்டிக்கொண்டிருந்தார். மெசினை நிற்பாட்டவில்லை. உடுப்பை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "தோயுங்கோ," என்றார்.

"பயிற்சியாளரிட்டச் சொல்லவோ?"

"அவருக்குத் தெரியும். தோயுங்கோ, ஃப்ராவ் யோகா. உங்கட வேலை தோய்க்கிறது."

அதையும் கொப்பியில் எழுதினேன். ட்ரெஸ்லருக்குக் காட்டினேன், பயிற்சியாளருக்கும் தெரியுமாம், தோய்க்கச் சொன்னார். ஏன் எழுதினேன்? எழுதிப் பழக்கம். அவ்வளவுதான்.

அடுத்த சனி அவன் வந்தான். நான் அவனிடம் ட்ரெஸ்லரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லைற்றை நிற்பாட்டினேன், தேத்தண்ணி ஊற்றினேன். "முப்பத்தஞ்சு," என்றான். "இன்னும் அஞ்சு, ஃப்ராவ் யோகா."

"அஞ்சு முடிஞ்சால் இஞ்ச வரமாட்டாய் என்ன?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன்.

"பிள்ளையளைப் பழக்க வருவன்தானே. அவங்கட உடுப்பும் நீங்கள்தானே தோய்ப்பீங்கள்?"

அதை அவன் சொன்ன பிறகு எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

முப்பத்தெட்டாவது ஆட்டம். நான் ஆட்டம் பார்ப்பதில்லை, குளிர். அன்று பழைய துவாய்களை எண்ணி வைக்கச் சொன்னதால் வெள்ளிக்கிழமை பின்னேரம் சலவை அறையில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ். சனம் கத்துவது சுவரால் வரும். மேளம், ஊதுகுழல், பாட்டு. பழகிப்போன சத்தம். திடீரென்று ஒரு அடிச் சத்தம், பலகையில் மேசையைத் தூக்கி எறிந்த மாதிரி. பிறகு மேளம் நின்றது. பிறகு பாட்டு நின்றது. நாலாயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் மெசினை நிற்பாட்டினேன். அது ஒன்றுதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சனி காலை அவனுடைய பை இல்லை. மேற்சட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. அம்புலன்ஸ்காரர் கழுத்திலிருந்து கீழே வரைக்கும் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். கோர்பி என்று நான் எழுதினதும் இரண்டாகப் போயிருந்தது. கோர் ஒரு பக்கம், பி மறுபக்கம். குளிர் தண்ணியில் மூன்று தரம் ஊறப்போட்டேன். இரத்தம் போய்விட்டது. பிறகு இருந்து தைத்தேன். ஒருவரும் தைக்கச் சொல்லவில்லை. வெளியில் தெரியாமல் தைத்தேன். ட்ரெஸ்லர் வந்து பார்த்து, "இனி அது தேவையில்லை," என்றார். நான் தைத்து முடித்தேன்.

சாகவில்லை, பிள்ளை. பயப்படாதீர்கள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில். இப்போது வீட்டில். கை நடுங்குகிறது. திரைச்சீலையைப் போட்டுக்கொண்டு இருட்டில் இருக்கிறான். குழந்தை சிரித்தால் காதைப் பொத்துகிறானாம்.

கிளப் ஒரு கடிதம் எழுதியது. முப்பத்தெட்டு நாற்பது இல்லை, அதனால் அந்த வேலை இல்லை. அதோடு, முந்தியே தலையில் அடிபட்டதை அவன் எல்லோருக்கும் மறைத்தான், கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது, ஆனபடியால் பிழை முழுக்க அவனுடையது. அப்படி எழுதி, கீழே அன்போடு என்று கையெழுத்து.

மரெய்கே என் வீட்டுக்கு வந்தாள். பங்குனி மாதம், ஒரு திங்கட்கிழமை பின்னேரம். கையில் அப்பிள் கேக். அவளை அதற்கு முன் நான் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். கதிரையில் நுனியில் இருந்தாள். சுவரில் இருந்த சாமிப் படங்களைப் பார்த்தாள். கேக்கை இருவரும் தொடவில்லை.

"ஒவ்வொரு சனியும் உடம்பு பிடிச்சுவிடுற இடத்துக்குப் போறன் எண்டுதான் எனக்குச் சொன்னவர்," என்றாள். "உங்கட அறையில இருந்தவராம். இப்பதான் சொல்லுறார். அங்க மட்டும்தான் தலை நோகேல்லையாம்."

நான் மேசைத் துணியின் மடிப்பை நீவிவிட்டேன்.

"உங்களிட்ட ஒரு கொப்பி இருக்காம். எல்லாம் எழுதி வைச்சிருக்கிறீங்களாம். திகதியோட. மெய்யே?"

"தமிழில," என்றேன்.

"மொழிபெயர்க்க ஆக்கள் இருக்கினம். வழக்கறிஞரிட்டக் கேட்டனான். கிளப்பில ஒராளுக்காவது முந்தியே தெரியும் எண்டு காட்டினால் போதும் எண்டார். ஒரே ஒராள். ஃப்ராவ் யோகா, அதில அப்பிடி ஏதும் இருக்கோ?"

இருக்கு என்றேன். ட்ரெஸ்லரின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னக் கை. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, மெதுவாக, கோபம் இல்லாமல்தான் கேட்டாள்:

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நவம்பரில. ஒரு சொல்லு."

நீங்களே சொல்லுங்கள், அவள் ஒரு நாளும் சலவை அறைப் பக்கம் வரவில்லையே. நான் எங்கே போய் அவளிடம் சொல்லுவது? அவளுடைய வீடு எனக்குத் தெரியாது. சேர்ச்சுக்குப் பின்னால், பச்சை யன்னல் வைத்த வீடு, அவ்வளவுதான் தெரியும்.

வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கோ என்று சொல்லி அனுப்பினேன். உண்மையாகத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான்.

செவ்வாய்க்கிழமை ட்ரெஸ்லர் சலவை அறைக்கு வந்தார். அவர் வருவதே இல்லை. கவிழ்த்த கூடையில் இருக்கப் போனார். நான் கதிரையை எடுத்துக் கொடுத்தேன்.

"வைகாசியில உங்கட வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேணும் என்ன, ஃப்ராவ் யோகா?"

"ஓம்."

"இருபத்தஞ்சு கிலோ உடுப்பு மெசின் புதுசா வருது. ஒரு நிறுவனம் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தோய்ச்சுத் தரவும் கேக்குது. நான்தான் சொன்னனான், ஃப்ராவ் யோகா எங்கட குடும்பம், அவ இருக்கட்டும் எண்டு." பிறகு மேசையில் கிடந்த கொப்பியைப் பார்த்தார். தொடவில்லை. "உங்களுக்கு எழுதத் தெரியாது எண்டுதானே நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்?"

நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

அன்று வீட்டுக்குக் கொப்பியைக் கொண்டுபோய் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு புறத்தியாள் வாசித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். ட்ரெஸ்லரின் பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மற்றது எல்லாம் நான். இருபத்தேழு, சத்தி. இருபத்தேழு வந்தான், லைற்றை நிற்பாட்டினேன். இருபத்தேழு, பெயர் மாறிக் கூப்பிட்டான். இருபத்தேழு வந்தான், தேத்தண்ணி, இரண்டு மணித்தியாலம் இருந்தான். சனி, வரவில்லை. சனி, வரவில்லை. தலைவாசலில் காலடிச் சத்தம், தபால்காரன். கறை எழுதுகிற கொப்பியில் தபால்காரனை ஏன் எழுதினேன்? இதை ஒருவர் டொச்சில் மாற்றி, கடுதாசியில் அடித்து, மேசையில் வைத்து, கண்ணாடி போட்ட ஒரு மனிதர் உரத்து வாசிப்பார். மரெய்கே கேட்டுக்கொண்டிருப்பாள். நவம்பரிலிருந்து மாசி வரைக்கும், திகதியோடு. முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் ட்ரெஸ்லரை விட முதல் எனக்குத்தானே தெரியும்? என்னைப் பிடிப்பார்களா, இல்லையா? சட்டம் எனக்கு என்ன தெரியும். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் மகள் "கனடாவுக்கு வாங்கோ" என்று வாயால் மட்டும் சொல்லுவாள். வெங்காயத்தோடு.

அவனும் ஒரு நாள் சொல்லியிருந்தானே, வாசிக்க ஒருவருக்கும் தெரியாதது நல்ல காலம் என்று. அவனுடைய விருப்பமும் அதுதான். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை நேரத்தோடு போனேன். இரண்டாவது மெசின். பயிற்சித் துவாய்கள், எல்லாம் கறுப்பு. அவற்றுக்கு நடுவில் கொப்பியை வைத்தேன். குளிர் தண்ணியில் மை கலங்கும், போகாது. சூட்டைத் தொண்ணூறு பாகையில் வைத்தேன். கண்ணாடிக் கதவால் முதல் நீல மட்டை தெரிந்தது. ஒரு சுற்றுக்கு வரும், மறையும், திரும்ப வரும். பிறகு தண்ணி நீலமானது. பிறகு வெறும் நுரை. லைற்றை நிற்பாட்டிவிட்டுக் கூடையில் இருந்து முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கடதாசி தண்ணியில் கரைந்து போய்விடும் என்று நான் நினைத்தது பிழை. கறுப்புத் துவாய் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினேன், போகவில்லை. திரும்பத் தோய்த்தேன், போகவில்லை. நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன், ஒரு எழுத்தாவது மிஞ்சியிருக்குமோ என்று. மிஞ்சவில்லை.

அதுதான் பிள்ளை, திகதி ஒன்றும் என்னிடம் இல்லை. அதுதான் தொடங்கும்போதே பிழையாகச் சொல்லுவேன் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை மரெய்கே வீட்டுக்கு வரவில்லை. என்னைத் தேடிச் சலவை அறைக்கே வந்துவிட்டாள். அன்றுதான் முதல் தரம் அந்த அறைக்கு வந்தாள். நான் மடியில் துவாயை வைத்துக் கிள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கொப்பியைக் கேட்டாள். ட்ரெஸ்லர் அவளுக்குப் பின்னால் நடையில் நின்றார், கூர் தீட்டின சப்பாத்து ஒரு சோடியைக் கையில் தூக்கிக்கொண்டு.

"என்ன கொப்பி?" என்று கேட்டேன். "எழுதத் தெரியாத நான் என்னத்துக்குக் கொப்பி வைச்சிருக்கப் போறன்?"

வடிவான டொச்சில் கேட்டேன். இந்த நாட்டுக்கு வந்த இருபத்தெட்டு வருஷத்தில் அன்றுதான், ஒரு பிழையும் விடாமல்.